சுக்குவின் அரிப்பு நின்ற விதம்

நாய்க்குக் குளிர்காலத்தில் அரிப்பு வந்தால் எல்லாரும் முதுகைத்தான் பார்க்கிறார்கள். முதுகில் ஒன்றும் இருக்காது மேடம். பாதத்தைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை முடியுள்ள நாயாக இருந்தால் இன்னும் சுலபம். ஓயாமல் நக்கி நக்கிப் பாதத்து முடி துரு ஏறிய மாதிரி ஆகியிருக்கும். உங்கள் வீட்டு நாயும் இந்தக் குளிரில் காலை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று சற்று முன்னால் சொன்னீர்கள். உண்மையாகச் சொன்னீர்களோ, எனக்குப் பேச்சுக் கொடுக்கச் சொன்னீர்களோ, தெரியாது. எப்படி இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டு என் அண்ணன் எப்படிச் செத்தான் என்பதற்கு வருகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான்.

வயிற்றுத் தோல், அக்குள், காதின் உள்பக்கம். அங்கெல்லாம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். காதை மோந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகத்தைச் சோபாவின் ஓரத்தில் இழைத்துக்கொண்டே நடக்கிறதா என்று கவனியுங்கள். சீப்பால் வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சி குடித்துவிட்டுப் போட்ட ரத்தம். கரையாவிட்டால் வெறும் அழுக்கு. காது மடலின் ஓரத்தைத் தேய்த்தவுடன் பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சொறிப்பூச்சி என்று சந்தேகப்படலாம். அது ஒட்டும். அலர்ஜி ஒட்டாது. இந்த வித்தியாசம் தெரியாதவர்களால்தான் எங்கள் வீட்டில் எல்லாம் ஆரம்பித்தது.

குளிர்காலத்தில் அலர்ஜி வராது, அதெல்லாம் பூப் பூக்கும் காலத்தோடு போய்விடும் என்று நினைக்கிறார்கள். வெளியே இருப்பது போய்விடும். வீட்டுக்குள் இருப்பது எங்கே போகும்? ஜன்னலை அடைத்து ஹீட்டரைப் போடுகிறோம். பெட்டியில் கிடந்த கம்பளியை எடுத்து உதறிப் போர்த்திக்கொள்கிறோம். தூசியும் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் சுவரோரத்துப் பூஞ்சையும் நம்மோடு சேர்ந்து அடைந்து கிடக்கின்றன. மனிதனுக்கு மூச்சில் காட்டுவது நாய்க்குத் தோலில் காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். விலங்கியல் பட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, ஏனென்றால் என் அண்ணன் சொல்லாத நாள் கிடையாது. "என் தங்கச்சி. அப்பா அம்மா போனதுக்கப்புறம் நான்தான் படிக்க வச்சேன்" என்பான். பழைய சோபாவைக் கொண்டுவந்து இறக்குகிற ஆளிடம் சொல்வான், வண்டிக்காரனிடம் சொல்வான், தபால்காரரிடம் சொல்வான். நான் படித்தேன் என்று ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தான். தொப்பி போட்டு நிற்பது நான். பக்கத்தில் இரவல் கோட்டில் அவன். வருகிற வாடிக்கையாளர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவனுக்குத்தான் கை கொடுப்பார்கள்.

எனக்குக் கோபம் உண்டு மேடம். மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் இதைச் செய்யவில்லை. செய்த நேரத்தில் நான் மிகவும் நிதானமாக இருந்தேன்.

அண்ணனுடையது சோபா வேலை. பழைய இருக்கைகளைக் கிழித்து, உள்ளே மக்கிப் போன ஸ்பாஞ்சையும் பஞ்சையும் அள்ளிப் போட்டுவிட்டு, புதிதாக அடைத்து, மேலே துணியோ ரெக்ஸினோ இழுத்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் கம்பிப் பின் அடிப்பான். மற்ற மாதங்களில் வீட்டு முன்னால் தார்ப்பாய்க்குக் கீழே வேலை நடக்கும். பனி இறங்க ஆரம்பித்தால் ஸ்பாஞ்சு ஈரம் குடிக்கும் என்று எல்லாவற்றையும் கூடத்துக்குள் தூக்கி வந்துவிடுவான். எங்கள் வீட்டில் ஒரு நீளமான கூடம், அதன் கோடியில் அடுப்படி, பக்கவாட்டில் ஓர் உள்ளறை. அந்த உள்ளறை என்னுடையது. படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று அண்ணன் கொடுத்தது. படிப்பு முடிந்த பிறகும் அவன் திரும்பக் கேட்கவில்லை. அவனும் அண்ணியும் கூடத்தில் அடுத்தவர்களுடைய சோபாக்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

சுக்குவை மருத்துவமனையில் யாரோ அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை உடம்பு, முகம் மட்டும் பழுப்பாகச் சுருங்கி, காய்ந்த சுக்கு மாதிரி இருந்தது. நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த உலகத்தில் நானாகத் தேடி, நானாக எடுத்து, யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாமல் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

முதல் குளிரிலேயே அதற்கு அரிப்பு வந்துவிட்டது. பாதம் சிவந்தது. வயிறு வெந்த மாதிரி ஆனது. வால் அடியில் முடி கொட்டியது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கண்ணில் அது பட்டது.

"என்னப்பா, சொறி நாயெல்லாம் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? எங்க பேத்திக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"டாக்டரம்மாவே வீட்ல இருக்காங்க சார். சரியாயிடும்" என்றான் அண்ணன். டாக்டரம்மா என்பது நான். டாக்டர் படிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் படியேறிப் போனதும் என்னிடம் திரும்பினான். "பாப்பா, இந்தக் குளிரு முடியறதுக்குள்ள இதோட சொறி நிக்கணும். இல்லன்னா நானே வண்டில ஏத்திட்டுப் போயி எங்கயாவது விட்டுட்டு வந்துருவேன். காலி பண்ணுன்னு அவர் சொல்லிட்டா, இத்தன சாமானத் தூக்கிட்டு நான் எங்க போயி நிப்பேன்?"

"இது ஒட்டாது அண்ணே. அலர்ஜி."

"அத அவருக்குப் புரிய வை. நான் எட்டாங்கிளாஸ். எனக்கே புரியல."

ஆக, குளிர் முடிவதற்குள் சுக்குவின் அரிப்புக்கு எது காரணம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுக்கு போய்விடும். அந்த மாதங்களில் நான் செய்த எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டர் எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "நாய்க்கு வாய் இருந்தா எனக்குச் சோறு கெடைக்காதும்மா. வாய் இல்ல. அதனால நாமதான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும். எத எடுத்தா நிக்குதோ அதான் திருடன். எடுத்தத மறுபடி கொண்டாந்து வை. மறுபடி வந்துச்சுன்னா ஊர்ஜிதம். ஆனா ஒண்ணு, ரெண்ட ஒரே நேரத்துல எடுத்துராத. அப்புறம் எவன் திருடன்னு கடவுளுக்கே தெரியாது."

அந்த முறையை நான் பிசகாமல் செய்தேன். முதலில் சாப்பாடு. இதுவரை தின்னாத ஒரே ஒரு கறியும் ஒரே ஒரு கிழங்கும் மட்டும் கொடுத்து வாரக்கணக்கில் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு படுக்கை. அதன் துணியைக் கொதிக்கும் நீரில் துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகுதான் போட்டேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கம்பளியை எடுத்தேன். மிதியடியை எடுத்தேன். ஹீட்டர் காற்றைக் காய்ச்சித் தோலை வெடிக்க வைக்கும் என்பதால் பக்கத்தில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். வெளியே போய் வந்தால் ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுத்தேன். வெதுவெதுப்பான நீரில்தான் குளிப்பாட்டினேன். டாக்டர் கொடுத்த மாத்திரை அரிப்பை அடக்கியது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. மாத்திரை அடக்கும், காரணத்தை எடுக்காது. நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கும் மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணி துணி வெளுக்கும் கம்பெனியில் மாலை ஷிப்டுக்குப் போகிறவள். நான் சுக்குவின் பாதத்தை மடியில் வைத்து ஒற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"உங்க அண்ணனும் விடிய விடிய விசில் அடிக்கிறாரு. இதுவும் சளப்பு சளப்புன்னு நக்குது. ரெண்டுக்கும் ஒரே வியாதிதான் போ. ஒரே சீட்டுல மருந்து வாங்கிரலாம்."

"அப்ப நாய் டாக்டர்கிட்டயே போவோம்டி. அங்கதான் நம்ம ஆளு இருக்கு" என்று அண்ணன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். இருமினால் மூச்சு இழுக்கும். அலமாரித் தட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி சிரிப்பான்.

அண்ணி விளையாட்டாகச் சொன்னது சரிதான். எனக்கு அது முன்பே தெரியும். குளிர் ஆரம்பித்தவுடன் தும்மல், சோபாவைக் கிழிக்கும்போது கண்ணில் நீர், படுத்தால் இழுப்பு, வெளியே நடந்தால் தேவலை. அடையாளம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் நான் படித்தது விலங்கியல். மனிதனுக்கு வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் அடிக்கும் துப்பாக்கியின் சத்தத்துக்கு எந்த நாயும் ஓடிவிடும். சுக்கு ஓடாது. நான் துடைத்து, ஒற்றி, கொதிக்க வைத்த துணியில் படுக்க வைத்துவிட்டு வருவேன். நான் திரும்புவதற்குள் அது போய் அண்ணனின் காலடியில், ஸ்பாஞ்சுத் தூளுக்கு நடுவில் படுத்திருக்கும். அவன் சோபா தைக்கும் ஊசியின் மரப்பிடியால் அதன் வாலடியைச் சொறிந்துவிடுவான். அது கண்ணை மூடிக்கொள்ளும்.

"எங்கிட்டதான் வருது பாத்தியா? படிச்சவங்கள அதுக்குப் புடிக்கல."

நான் இதைப் பொறாமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டேன். அரிப்புள்ள நாய் எந்த இடத்தில் அதிக நேரம் இருக்கிறதோ அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அவனிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, இந்தத் தூசில இதுக்குச் சரியாகாது. வேற எங்கயாச்சும் வச்சு வேல பாரு."

"எங்க வச்சுப் பாக்க? உங்க காலேஜு மைதானத்துலயா?"

"வெளையாடாத."

"வெளையாடல பாப்பா. கேட்டுப் பாக்கறேன். யாராச்சும் எடம் குடுத்தா போறேன். எனக்கும்தான் மூச்சு முட்டுது."

நடுக்குளிரில் அவனுக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. ஏதோ ஓர் அரங்கத்தின் நாற்காலிகளுக்கு மெத்தை மாற்றும் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போன பிறகு சுக்குவின் பாதம் வெளுக்க ஆரம்பித்தது. காதின் சிவப்பு வடிந்தது. நக்கும் சத்தம் நின்று வீடே அமைதியாகிவிட்டது. அண்ணிகூட, "உங்க அண்ணன் இல்லாம நிம்மதியாத் தூங்குது போல" என்றாள்.

அவன் திரும்பி வந்தான். சுக்கு வாசலுக்குப் பாய்ந்து போய் அவன் முகமெல்லாம் நக்கியது. அடுத்த நாள் பின் அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் பாதத்தை நக்கும் சத்தம் கேட்டது.

எடுத்தால் நிற்கிறது. திரும்ப வைத்தால் வருகிறது.

அவன் இல்லாத நாட்களில் கூடத்தில் ஒரு சோபாவும் கிழிக்கப்படவில்லையே என்று கேட்கிறீர்கள். சோபாக்கள் அங்கேயேதான் இருந்தன மேடம். எதுவும் நகரவில்லை. அவன் ஒருவன்தான் இல்லை. நீங்கள் காவல்துறை. உங்களுக்கு உங்கள் முறை. எனக்கு என் முறை.

இன்ஹேலரைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் அதை அழுத்தும்போது சுக்கு பக்கத்தில் இருந்தால் தும்மும். அதனால் அதுவும் என் பட்டியலில் இருந்தது. "இத வெளிய போயி அடி" என்று ஒருமுறை சொன்னேன். "இதையும் எடுத்துட்டா அப்புறம் மூச்சே விடாதன்னு சொல்லுவ நீ" என்றான். அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவன் செத்த அன்று காலை அதை எடுத்து என் மருத்துவமனைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒளித்து வைக்கவில்லை. பையின் வெளிப்பக்க அறையில்தான் இருந்தது. ஜிப்கூடப் போடவில்லை.

கூடத்து மூலையில் ஒரு பெரிய சோபா கிடந்தது. வெள்ளம் புகுந்த ஏதோ வீட்டிலிருந்து வந்தது. அதன் அடித்துணியில் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. அதைத் தொடவே அண்ணன் தயங்கிக்கொண்டிருந்தான். மாலையில் நான் வேலை முடிந்து வந்து, "வாடை அடிக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. இன்னிக்கே பிரிச்சுப் போட்ரு" என்றேன். வீட்டுக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

"சரி, டாக்டரம்மா சொன்னா சரிதான்."

குளிர் காற்று பட்டால் நாயின் தோல் காய்ந்துவிடும் என்று கூடத்து ஜன்னல்களை அடைத்தேன். சுக்குவைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது வர மறுத்தது. கதவைத் தாழிட்டேன். கதவுக்கு அடியில் தூசி வராமல் இருக்க ஈரத் துண்டை நீளமாக உருட்டி அடைத்தேன். இது நல்ல வழிமுறை. வீட்டில் தூசி கிளம்பும் வேலை நடந்தால் நாயை இப்படித்தான் பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் துணி கிழியும் சத்தம் வந்தது. பிறகு தும்மல். பிறகு அந்த விசில். நான் சுக்குவின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரித் தட்டில் அவன் கை தடவும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் கீழே விழுந்தன.

"பாப்பா, என் மருந்து இங்க இல்ல. பாத்தியா?"

நான் மற்றக் காதைத் துடைத்தேன்.

"பாப்பா."

அவனுடைய போன் என் அறையில் சார்ஜில் இருந்தது. அதை நான் திட்டமிட்டு வைக்கவில்லை. என் அறையில்தான் நல்ல பிளக் இருக்கிறது, அவனே எப்போதும் அங்கேதான் போடுவான். அவன் கதவில் உள்ளங்கையால் தட்டினான். பலமாகத் தட்டவில்லை. நான் படிக்கும் காலத்தில் சாப்பிடக் கூப்பிட எப்படித் தட்டுவானோ அப்படித் தட்டினான்.

"பாப்பா, நாய வேணா உள்ளயே வச்சுக்க. கதவ மட்டும் கொஞ்சம் தொற."

கதவைத் திறந்தால் தூசி உள்ளே வந்துவிடும். அவ்வளவு நாள் பட்ட பாடு வீணாகிவிடும். நான் திறக்கவில்லை.

அவன் உடனே தெருவுக்குப் போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். போயிருக்கலாம். வீட்டுக்காரர் மாடியில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அண்ணன் வெகுநேரம் என் கதவருகேயே நின்றான். நான் திறப்பேன் என்று நினைத்திருக்கிறான். அதில் நேரம் போய்விட்டது. அதன் பிறகுதான் வாசலுக்குத் திரும்பியிருக்கிறான். வாசல் தாழ்ப்பாள் பாதி நகர்ந்திருந்ததாக அண்ணி சொன்னாள். ஷிப்டு முடிந்து வந்து அவள்தான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஏதோ தடுத்திருக்கிறது. அது அவன்தான்.

அந்த நேரம் முழுவதும் சுக்கு ஒரு முறைகூடச் சொறியவில்லை. பாதத்தையும் நக்கவில்லை. இதை நான் கவனமாகப் பார்த்தேன்.

என் அறைக் கதவின் உள்பக்கத்தில் நகக் கீறல்கள் இருந்ததாக நீங்கள் படம் காட்டினீர்கள். வண்ணம் பெயர்ந்து மரம் தெரிகிறது. ஆம், அது சுக்குவின் நகம்தான். அது கதவைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. நான் பட்டையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன், அது திமிறிப் போய் மறுபடியும் பிராண்டும். ஈரத் துண்டை வாயால் கவ்வி இழுத்தது. நான் திரும்பச் செருகினேன். அதை நான் அரிப்பில் சேர்க்கவில்லை. அது வேறு.

கடைசியில் அதுவும் களைத்துப்போய்க் கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் அதன் பாதத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நகத்தில் ரத்தம் இருந்தது, விரலிடுக்கு வெளுத்திருந்தது.

இங்கே நீங்கள் என்னை வைத்திருக்கும் அறையில் விளக்கை அணைத்த பிறகு ஒரு சத்தம் கேட்கிறது. முதல் நாள் நக்கும் சத்தம் என்று நினைத்தேன். எழுந்து மூலையெல்லாம் தடவிப் பார்த்தேன். நாய் இல்லை. பிறகு கவனித்துக் கேட்டால் அது நக்கும் சத்தமே இல்லை. மெல்லிய விசில். இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது ஒரு சுருதி. காவலுக்கு இருந்த அம்மாவிடம் கேட்டேன். "தண்ணிக் கொழாயா இருக்கும், படு" என்றார். கதவுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. என் போர்வையை உருட்டி அங்கே அடைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. குழாயாகத்தான் இருக்கும்.

கடைசியாக, அண்ணன் வேலைக்குப் பார்த்திருந்த அந்தக் கொட்டகையைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் சொந்தக்காரர் உங்களிடம் வந்து பேசியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. சரி. மறைக்க ஒன்றுமில்லை. இடம் கிடைத்தது எனக்குத் தெரியும். சாவதற்கு முந்தின நாளே அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டான். மருத்துவமனை வாசலுக்கே வந்து நின்றான், மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு. டாக்டர் பார்க்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"பாப்பா, எடம் கெடச்சிருச்சு. கொட்டகை. நல்ல காத்து. நாளான்னைக்கு எல்லாச் சாமானும் அங்க போயிரும். இனிமே வீட்ல ஒரு தூசி இருக்காது. உன் நாயி ராஜா மாதிரி படுத்துக்கலாம்."



டாக்டர் உள்ளேயிருந்து, "யாரும்மா அது?" என்றார்.

"நான் இவ அண்ணன் சார். நான்தான் படிக்க வச்சேன். இப்ப நாய்க்கும் நான்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்று சிரித்தான். டாக்டர் அவனுக்குக் கை கொடுத்தார்.

அப்படியானால் ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள் மேடம். கொட்டகைக்குப் போயிருந்தால் சோபாக்களும் வீட்டை விட்டுப் போகும், பகல் முழுக்க அண்ணனும் வீட்டில் இருக்கமாட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் விலகும். சுக்குவுக்குச் சரியாகிவிடும், ஆனால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அவன் சாகும்வரை தான்தான் சரி செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிவான். அதனால் சாமான்கள் போவதற்கு முன்னால், அவை இருக்கிற இடத்தில் இருக்கும்போதே, அவனை மட்டும் விலக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஒரு மாலைதான் மிச்சம் இருந்தது. என் அண்ணனை நான்தான் கொன்றேன். ஆனால் அது நாய்க்காக. வேறு எதற்காகவும் இல்லை.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். அவனைக் கிடத்த இடம் வேண்டும் என்று சோபாக்களையெல்லாம் தூக்கித் தெருவில் போட்டார்கள். பூஞ்சை நாற்றம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்தார்கள். யாரோ கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சுக்கு அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று முழுவதும் அது சொறியவே இல்லை. நான் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் காரணம் என்று அப்போது எனக்கு ஊர்ஜிதமாகிவிட்டது.